பிரிந்த பிறகு அந்தப் படங்கள்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

காதல், பிரிவு, அதன் பிறகும் யாரோ ஒருவருடைய கைபேசியில் எஞ்சியிருக்கும் படங்கள் ஆகியவை குறித்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன.

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் கோவை மாவட்டம். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கல்லூரியில் உடன் படித்த ஒருவருடன் சில ஆண்டுகள் பழகி, அவருடைய சந்தேக குணத்தைத் தாங்க முடியாமல் சென்ற ஆண்டு விலகிவிட்டேன். பழகிய காலத்தில் நானே எடுத்து அனுப்பிய அந்தரங்கப் படங்கள் அவரிடம் இருக்கின்றன. இப்போது வீட்டில் பார்த்த வரனுடன் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் திருமணம். இதை அறிந்த அவர், "ஒரே ஒரு முறை தனியாக வந்து பார், உன் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், வராவிட்டால் மாப்பிள்ளைக்கு அனுப்புவேன்" என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார். நானே விரும்பி அனுப்பிய படங்கள் என்பதால் காவல் நிலையத்தில் என்னைத்தான் குற்றவாளியைப் போல விசாரிப்பார்கள் என்று தோழிகள் சொல்கிறார்கள். ஒரு முறை போய் வந்தால் முடிந்துவிடுமா?

பதில்: போகாதீர்கள். அவருடைய அறைக்கு மட்டுமல்ல, காபி கடைக்கும் போக வேண்டாம். கண் முன்னால் அழிப்பதாகச் சொல்வதற்குப் பொருளே கிடையாது. அவர் தம் கைபேசியின் படத்தொகுப்பைத் திறந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அழிக்கலாம். அதே படங்கள் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், ஐபோனாக இருந்தால் 'அண்மையில் அழித்தவை' என்ற பகுதியில் 30 நாள் இருக்கும், வாட்ஸ்அப் உரையாடலின் காப்புப்பிரதியில் இருக்கும், மடிக்கணினியில் ஒரு பிரதி இருக்கக்கூடும். ஆகவே அவர் உங்களுக்குக் கொடுக்க முன்வருவது, உங்களால் ஒருபோதும் சரிபார்க்க முடியாத ஒரு வாக்குறுதி. அதற்கு விலையாகக் கேட்பதோ, நீங்கள் தனியாக அவர் முன் வந்து நிற்பதை. அப்படிப் போன இடத்தில் புதிதாகப் படமோ காணொளியோ எடுக்கப்பட்டு, மிரட்டல் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்த வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சி வழக்கை உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நட்பின் பெயரால் அழைத்துச் செல்லப்பட்டு, படமெடுக்கப்பட்டு, அந்தப் படங்களைக் காட்டியே மிரட்டப்பட்ட பெண்களின் வழக்கு அது. 2019-இல் ஒரே ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரில் வெளிவந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

இனி உங்கள் தோழிகள் சொன்னதற்கு வருகிறேன். படத்தை எடுக்கவோ அனுப்பவோ நீங்கள் சம்மதித்திருக்கலாம். அந்தச் சம்மதம் அவர் ஒருவர் பார்ப்பதற்கு மட்டுமே. இது என்னுடைய கருத்து மட்டுமல்ல. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு சேர்க்கப்பட்டபோதே, படமெடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும் மூன்றாம் நபருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்று விளக்கக் குறிப்பாகவே எழுதிவிட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விளக்கம் 77-ஆம் பிரிவின் கீழ் இருக்கிறது. முதல் முறை குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மறுமுறை என்றால் மூன்று முதல் ஏழாண்டு வரை. அந்தரங்க உறுப்புகளின் படத்தைச் சம்மதமின்றி வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவிலும், பாலியல் செயலைக் காட்டும் படங்களைப் பரப்புவது 67-ஏ பிரிவிலும் தனித்தனிக் குற்றங்கள்.

அவர் இன்னும் எதையும் பரப்பவில்லையே, அதுவரை காத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டியதில்லை, மிரட்டலே குற்றம். ஒரு பெண்ணின் கற்பின் மீது களங்கம் சுமத்துவேன் என்று அச்சுறுத்துவதற்கு நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கற்பு, களங்கம் என்னும் சொற்களை அந்தப் பிரிவு இன்னும் சுமந்துகொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்று உங்கள் கையில் இருக்கும் வலுவான பிரிவுகளில் அது ஒன்று என்பதால் அதைப் பயன்படுத்தத் தயங்க மாட்டேன். தனியாக வா என்று அவர் அழைப்பதன் நோக்கம் உரையாடலில் வெளிப்படையாக இருந்தால், பாலியல் இணக்கம் கோருவதைத் தண்டிக்கும் 75-ஆம் பிரிவும் சேரும். பணம் பறித்திருந்தால் 308-ஆம் பிரிவும்.

புகார் கொடுப்பதற்கு முன் கைபேசியில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவருடைய உரையாடலில் 'மறையும் செய்திகள்' இயக்கத்தில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துவதற்கு முன் வந்த மிரட்டல் செய்திகள் அப்போதும் தாமாகவே போய்விடும் என்பதால், அவற்றை முதலில் படமெடுத்து வையுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பப்பட்டது எதுவும் திறக்கப்படாமல் இருந்தால், வேறொரு கைபேசியைத் தயாராக வைத்துக்கொண்டு திறந்து படமெடுங்கள். அவருடைய எண், நாள், நேரம் ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கென்றால் பயனர்பெயரை எந்நேரமும் மாற்றிவிட முடியும், மாற்றினால் இணைப்பு முகவரியும் மாறிவிடும் என்பதால் இரண்டையும் இப்போதே குறித்து வையுங்கள். ஆத்திரத்திலோ அருவருப்பிலோ உரையாடலை அழித்துவிட்டு வருபவர்களே அதிகம். அழிக்காதீர்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றை ஏற்பதற்கு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலச் செய்தி மூலக் கருவியிலேயே இருந்தால் அந்த வேலை எளிது. இவையெல்லாம் முடிந்த பிறகு அவருடைய எண்ணை முடக்கிவிடலாம் (பிளாக்). பதிலுக்குத் திட்டியோ கெஞ்சியோ ஒரு வரி கூட அனுப்ப வேண்டாம்.

புகாரைப் பெங்களூரிலோ கோவையிலோ எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எல்லை எங்கள் நிலையத்துக்கு வராது என்று திருப்பி அனுப்ப புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இடம் தரவில்லை. இவ்வகைக் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கென உள்ள பகுதியில் தொடங்கலாம். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், பெற்றதற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில். அவருக்குக் கணினி விவரம் எதுவும் தெரியாமல் போகலாம். பிரிவு எண்களைப் புகாரிலேயே எழுதிவிடுவது நல்லது. இப்படிப்பட்ட வழக்கில் தண்டனை கிடைக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். 2018 மார்ச்சில் மேற்கு வங்கத்தின் தம்லுக் நீதிமன்றம், முன்னாள் காதலியின் படங்களை இணையத்தில் ஏற்றிய இளைஞருக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது. பழிவாங்க அந்தரங்கப் படம் பரப்பியதற்காக இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அது குறிப்பிடப்படுகிறது.

படங்கள் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாப் என்சிஐஐ' என்று ஒரு தளம் இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த தொண்டு அமைப்பு 2021 முதல் நடத்துகிறது, கட்டணம் இல்லை. உங்கள் படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் கைபேசிக்குள்ளேயே அந்தப் படத்துக்கு உரிய ஓர் எண்கோவை உருவாக்கப்பட்டு, அது மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய பங்கேற்பு நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்கிறார்கள். இதற்கு எல்லைகள் உண்டு. படத்தின் பிரதி உங்களிடம் இருந்தால்தான் எண்கோவை உருவாக்க முடியும், படத்தை வெட்டியோ மாற்றியோ ஏற்றினால் பொருந்தாமல் போகலாம், வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த உரையாடல்களுக்குள் அது எட்டிப் பார்க்காது. எனவே சிலர் செய்வதுபோல், பயத்தில் உங்களிடமுள்ள பிரதிகளை அழிப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் படம் வந்துவிட்டால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு நீங்களோ உங்கள் சார்பில் வேறொருவரோ புகார் அனுப்பலாம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின் கீழ் இத்தகைய படங்களை நீக்க அவர்களுக்கு முன்பு 24 மணி நேர அவகாசம் இருந்தது; 2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடையாது. ஒருவர் முகத்தை வேறு உடலில் பொருத்தி மார்ஃபிங் செய்த படங்களுக்கும் இது பொருந்தும்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரே மனுதாரராக வந்தார். கல்லூரிக் காலத்தில் பழகியவர் அவருக்குத் தெரியாமல் பதிவு செய்த காட்சிகள் பல இணையதளங்களில் பரவியிருந்தன. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அவற்றை 48 மணி நேரத்துக்குள் அகற்ற மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். காவல் துறை ஆவணங்களில் இடம்பெற்றிருந்த அவருடைய பெயரை நீக்கவும் பின்னர் ஆணையிட்டார். சட்டம் படித்த ஒருவருக்கே இவ்வளவு அலைச்சல் என்பது வருத்தத்துக்குரியதுதான். ஆனாலும் அந்த உத்தரவு உங்களைப் போன்றவர்களுக்கு இன்று ஒரு பிடிமானம்.

ஒன்று மட்டும் சட்டத்துக்கு வெளியே சொல்கிறேன். அந்த நபர் உங்கள்மீது செலுத்தும் அதிகாரம் முழுவதும், உங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்பதிலிருந்து வருகிறது. அப்பாவிடம் சொல்ல முடியாது என்று நினைத்தால், பதற்றப்படாமல் கேட்கக்கூடிய அண்ணியோ சித்தியோ தாய்மாமாவோ யாராவது ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மணமகனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. பழைய உறவைப் பற்றிய கணக்கை யாருக்கும் ஒப்புவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இருந்தாலும் அவருக்கு இந்தச் செய்தி மிரட்டுபவர் வாயிலாகப் போவதைவிட உங்கள் வாயிலாகப் போவது நல்லது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நான் சென்னை வேளச்சேரியில் வசிக்கும் மென்பொருள் ஊழியன். நானும் என் காதலியும் சண்டை சச்சரவு இல்லாமல் பேசிப் பிரிந்துவிட்டோம். அவருடைய தனிப்பட்ட படங்கள் சில என்னிடம் உள்ளன. அழித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தேன், படத்தொகுப்பில் அழித்தும்விட்டேன். அது போதுமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று அவருக்கு அவ்வப்போது உறுதி சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டதற்கு நன்றி. படத்தொகுப்பில் அழித்தது போதாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் கோப்பு மேலாளரைத் திறந்து வாட்ஸ்அப் கோப்புறைக்குள் போனால், படங்களுக்கான கோப்புறையின் உள்ளே 'சென்ட்' என்று இன்னொன்று இருப்பதைப் பார்ப்பீர்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொன்றின் பிரதியும் அங்கே சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். படத்தொகுப்பு செயலியில் பெரும்பாலும் கண்ணில் படாத இடம் அது. பிறகு கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைப் படங்களோடு சேர்த்து அழித்து, அதன்பின் புதிதாக ஒரு காப்புப்பிரதி எடுத்தால்தான் பழைய காப்புப்பிரதி மேலெழுதப்படும். டெலிகிராமில் உங்களுக்கு நீங்களே அனுப்பிச் சேமித்தவை, அலுவலக மடிக்கணினியில் வாட்ஸ்அப் வெப் வழியாக இறக்கியவை, அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசி, மெமரி கார்டு என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். பழைய கைபேசியை ரிச்சி தெருவில் விற்பதாக இருந்தால் கணக்கிலிருந்து வெளியேறி, முழுமையாக மீட்டமைத்த பிறகே கொடுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். பரப்பியவர் காதலனே அல்ல, கைபேசியைச் சரிசெய்தவர் என்று தெரியவந்த சம்பவங்களும் உண்டு.

படங்களைத் தாண்டியும் சில இருக்கின்றன. காதலிக்கும் காலத்தில் வசதிக்காகப் பகிர்ந்துகொண்டவற்றைப் பிரியும்போது யாரும் கணக்கெடுப்பதில்லை. அவருடைய கூகுள் கணக்கு உங்கள் மடிக்கணினியில் இன்னும் திறந்திருக்கிறதா? உங்கள் வாட்ஸ்அப்பின் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கணினி ஏதும் உள்ளதா? கூகுள் போட்டோஸில் 'பார்ட்னர் ஷேரிங்' என்று ஒரு வசதி உண்டு. அதை ஒருமுறை இயக்கிவிட்டால், பிறகு எடுக்கும் படங்களும் தாமாகவே மற்றவருக்குப் போய்க்கொண்டிருக்கும். பிரிந்து பல மாதங்கள் கழிந்தும் முன்னாள் காதலனின் குடும்ப விழாப் படங்களையெல்லாம் பார்க்க நேர்ந்த ஒரு பெண், அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எனக்கு எழுதியிருக்கிறார். வரைபடச் செயலியில் இருப்பிடப் பகிர்வு, மின்னஞ்சல் கணக்கின் மீட்பு எண்ணாகக் கொடுத்த மற்றவருடைய கைபேசி எண், ஓடிடி கணக்கு, உணவு விநியோகச் செயலியில் சேமித்த அவருடைய வீட்டு முகவரி ஆகிய அனைத்தையும் இரு தரப்பும் நீக்க வேண்டும். இதை மனத்தாங்கல் இல்லாமல் பிரியும்போதே உட்கார்ந்து செய்வது எளிது. உங்களைப் போன்று பேசிப் பிரிபவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

அவ்வப்போது உறுதி சொல்ல வேண்டாம். இன்னின்ன இடங்களிலிருந்து நீக்கிவிட்டேன், இனி என்னிடம் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு செய்தி அனுப்பி, அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். விருப்பமில்லை என்று தெரிவித்த பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்கீழ் பின்தொடர்தல் என்னும் குற்றமாகும்; நல்ல நோக்கம் என்பது மட்டுமே அதற்கு விலக்காகிவிடாது.

கேள்வி: திருப்பூரில் சிறு தொழில் செய்கிறேன். திருமணமானவன். டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமான பெண் காணொளி அழைப்பில் வந்து ஆடை களைந்தார். நானும் அவ்வாறே செய்துவிட்டேன். அதைப் பதிவு செய்து பணம் கேட்டார்கள், 40,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது டெல்லி சைபர் பிரிவு அதிகாரி என்று ஒருவர் பேசி, அந்தப் பெண் புகார் கொடுத்திருப்பதாகவும், வழக்கை முடிக்க மேலும் பணம் வேண்டும் என்றும் சொல்கிறார். ஆண்களுக்கு இதில் சட்டப் பாதுகாப்பு உண்டா?

பதில்: அந்தப் பெண்ணும் அந்த அதிகாரியும் ஒரே கும்பல். கைபேசியில் பேசிப் பணம் வாங்கி வழக்கை முடிக்கும் காவல் அதிகாரி எங்கும் இல்லை. இன்னும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். முதல் தவணை கொடுத்தவரிடம்தான் அடுத்த அழைப்பு வரும். பணம் போன விவரத்தை உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தாமதமில்லாமல் சொன்னால் பெற்றவரின் கணக்கில் தொகையை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. இணையக் கணக்குகளின் நண்பர் பட்டியல் வெளியே தெரியாதபடி மாற்றிவிட்டு, அந்த எண்களை முடக்குங்கள்.

அந்தரங்கப் படம் பரப்புவதைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மட்டுமே உரியது என்பது உண்மை. அது சட்டத்தில் உள்ள குறை என்பேன். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ, 67, 67-ஏ பிரிவுகளும் மிரட்டிப் பணம் பறித்தலைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவும் ஆண், பெண், திருநர் அனைவருக்கும் பொதுவானவை. அவமானத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட ஆண்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அன்புச் சகோதரிக்கு, என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், வயது 17. உடன் படிக்கும் பையனுடன் பழகி, அவன் கேட்டான் என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். இருவருக்கும் மனஸ்தாபம் வந்ததும் அவன் அதை வகுப்பு நண்பர்கள் குழுவில் போட்டுவிட்டான். பள்ளியில் கேட்டால், தேர்வு நேரம், பெண்ணின் பெயர் கெடும், பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆதாரத்துக்காக அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: படத்தை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள், நீங்களும் யாருக்கும் அனுப்பாதீர்கள், காவல் துறைக்கு அனுப்புவதற்காகக்கூட. 18 வயது நிரம்பாதவரின் அத்தகைய படம் என்றால் சட்டம் முற்றிலும் வேறு. பரப்புவது மட்டுமல்லாமல் சேகரிப்பதும் பதிவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் குற்றங்கள். அழிக்காமலும் புகாரளிக்காமலும் கைபேசியில் வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகக்கூடும் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மேல்முறையீடு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்புக்கு எதிராகச் சென்றதுதான். குழுவின் பெயர், உறுப்பினர்கள், பகிர்ந்தவனின் எண், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். படத்தை மீட்டெடுப்பது காவல் துறையின் வேலை.

பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் பள்ளிக்கு ஒரு செய்தியை நீங்கள் அமைதியாகத் தெரிவிக்கலாம். இப்படிப்பட்ட குற்றம் தெரியவந்தால் புகாரளிப்பது போக்சோவின் 19-ஆம் பிரிவின்படி ஒவ்வொருவருக்கும் கட்டாயம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழுள்ள ஒருவர் செய்த குற்றத்தை மறைத்தால் 21-ஆம் பிரிவில் அவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். பெயர் கெடும் என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும்; பெயரையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழைத்தால் வழிகாட்டுவார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களை இணையத்தில் தடுக்க, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. முன் கடிதத்தில் நான் சொன்ன எண்கோவை முறையிலேயே அதுவும் இயங்குகிறது.

அந்தப் பையனும் சிறுவன் என்றால் அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அங்கே சிறையைவிடச் சீர்திருத்தமே நோக்கம் என்பதால், ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு உங்களுக்குத் தேவையில்லை. பள்ளி மாற்றத்தை உங்கள் மகள் விரும்பிக் கேட்டாலொழிய செய்யாதீர்கள். கைபேசியைப் பறிப்பது, வெளியே விடாமல் வைப்பது, "உனக்கு எதற்கு இந்த வேலை" என்று நாள்தோறும் கேட்பது ஆகிய மூன்றையும் நம் வீடுகளில் பெற்றோர் அக்கறையாகவே நினைத்துச் செய்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு அது இரண்டாவது தண்டனையாகப் போய் முடிகிறது. இரவில் அவளுடன் ஒரே அறையில் படுத்துக்கொள்ளுங்கள். அவள் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாற்றம் தெரிந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: என் காதலர் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லும் எப்போதும் இயங்கும் இருப்பிடப் பகிர்வும் கேட்கிறார். மறைக்க எதுவும் இல்லையென்றால் கொடுப்பதற்கு என்ன என்கிறார். கொடுக்காவிட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடுமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தக் கணக்கில் உங்கள் தோழிகள் உங்களை நம்பிச் சொன்ன செய்திகளும் இருக்கின்றன, அவற்றைக் காட்டும் உரிமை உங்களுக்கும் இல்லை. மறுத்த பிறகு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எனக்கும் ஒரு பெண்ணுக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அவருடைய அந்தரங்கப் படங்கள் இரண்டும், 'இவளைத்தான் கட்டப்போகிறாயா' என்ற செய்தியும் எனக்கு வந்துள்ளன. என் அம்மாவிடம் காட்டலாமா, பெண் வீட்டாரிடம் காட்டி விளக்கம் கேட்கலாமா என்று குழம்பியிருக்கிறேன். படம் உண்மையா என்பதும் தெரியவில்லை.

பதில்: யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு அனுப்பினாலும் அண்ணனுக்கு அனுப்பினாலும், அந்தக் கணத்திலிருந்து பரப்பியவர்களின் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். ஒருவருடைய முகத்தை வேறு உடலில் பொருத்துவது இன்று சில நிமிட வேலை. படம் உண்மையாகவே இருந்தாலும் அதில் குற்றம் செய்தவர் அனுப்பியவர்தான். உங்கள் முடிவு என்னவாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு முதலில் இது தெரிய வேண்டும், ஏனெனில் உங்களுக்கு வந்தது வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்பதை இந்நேரம் அவர் அறியாமல் இருக்கலாம். தனியாக அழைத்து, "இப்படி ஒரு செய்தி வந்தது, நான் யாரிடமும் காட்டவில்லை, புகார் கொடுப்பதானால் நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். படம் உண்மையா என்று கேட்காதீர்கள். திருமணத்தைப் பற்றிய உங்கள் தயக்கம் எதுவானாலும் அதை வேறொரு நாளில், வேறொரு பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் பதிவாகும் வரை அந்தச் செய்தியையும் எண்ணையும் அழிக்காமல், தானாகப் படத்தொகுப்பில் சேமிக்கும் வசதியை மட்டும் நிறுத்தி வையுங்கள். அனுப்பியவருக்குப் பதில் எழுத வேண்டாம். அந்தச் செய்தியைப் பெற்ற நேரடிச் சாட்சி நீங்கள் என்பதால், விசாரணையில் உங்கள் வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம். விசாரணை அதிகாரி கேட்டால் கைபேசியை ஒப்படைத்து, அதற்கான ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.